கதாசிரியரையே இரவல் வாங்கிய கதை: கில்கோர் ட்ரௌட் விவகாரம்

1975 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெல் பதிப்பகம் ஒரு அறிவியல் புனைகதை நாவலை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. தலைப்பு 'வீனஸ் ஆன் தி ஹாஃப்-ஷெல்'. ஆசிரியர் கில்கோர் ட்ரௌட். ஆசிரியர் படத்தில் அடர்ந்த தாடியோடு ஒருவர் இருந்தார். அதற்குச் சற்று முன்னால், 1974 டிசம்பர், 1975 ஜனவரி இதழ்களில், 'ஃபேண்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' பத்திரிகையில் இதே கதை இரண்டு பகுதிகளாக வந்திருந்தது.

தாடி, ஒட்டுத் தாடி. கில்கோர் ட்ரௌட் என்று உலகில் யாரும் கிடையாது. அவர் அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் தன் நாவல்களுக்குள் உருவாக்கி உலவவிட்ட கற்பனை எழுத்தாளர். இந்தப் புத்தகத்தை எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஃபிலிப் ஹோசே ஃபார்மர். அதுவும் திருட்டுத்தனமாக இல்லை, வானகட்டிடம் அனுமதி கேட்டு வாங்கித்தான் எழுதினார். எழுதியதும் கேலிக்காக இல்லை, உண்மையான பிரியத்தால். அப்படியிருந்தும் விவகாரம் மனக்கசப்பில் போய் முடிந்தது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஒருவர் பெயரை இன்னொருவர் போட்டுக்கொள்வதும், ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் தன் கதைக்குள் கூட்டிவருவதும் அந்த உலகத்தில் பழைய வழக்கம். பெரும்பாலும் எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்துபோவார்கள். இந்த ஒன்று மட்டும் ஏன் கசந்தது என்பதற்கு எனக்கு ஒரு விடை இருக்கிறது. இன்னொருவரின் கதாபாத்திரத்தை இரவல் வாங்கினால் அது கதைக்குள் போய் உட்காரும். கற்பனை எழுத்தாளரை இரவல் வாங்கினால் அவர் அட்டையில் போய் உட்காருவார். அட்டையில் ஒரு பெயரைப் பார்த்தால் வாசகர் அதற்குப் பின்னால் ஒரு நிஜ ஆளைத் தேடத்தான் செய்வார்.

ட்ரௌட் எங்கிருந்து வந்தார்

ட்ரௌட் முதலில் தலைகாட்டியது வானகட்டின் 'காட் ப்ளெஸ் யூ, மிஸ்டர் ரோஸ்வாட்டர்' நாவலில், 1965ல். 87 நாவல் எழுதியும் யாரும் கண்டுகொள்ளாத மனிதர். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஹையனிஸ் ஊரில், கடைகளில் கொடுக்கும் தள்ளுபடி ஸ்டாம்புகளுக்குப் பொருள் கொடுக்கும் நிலையத்தில் குமாஸ்தா வேலை. அவர் புத்தகங்கள் கிடைப்பது ஆபாசப் புத்தகக் கடைகளில். யோசனைகள் அபாரம், கிடைத்ததோ அந்த இடம்.

அப்புறம் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' (1969), 'பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' (1973) என்று ட்ரௌட் வந்துகொண்டே இருந்தார். நாவலுக்கு நாவல் அவர் வாழ்க்கை விவரங்கள் மாறும். 87 நாவல் எழுதியவர் 117 எழுதியவராக ஆவார். வானகட் அதைச் சரிபார்க்கக் கவலைப்படவில்லை. அவருக்கு ட்ரௌட் ஒரு வசதி. முழு நாவலாக எழுத விருப்பமில்லாத ஒரு விசித்திர யோசனை தோன்றினால், 'இப்படி ஒரு கதையை ட்ரௌட் எழுதியிருக்கிறார்' என்று இரண்டு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ட்ரௌட்டுக்கே ஒரு மூலம் உண்டு. தியோடர் ஸ்டர்ஜன் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்தான் அது. ஸ்டர்ஜன், ட்ரௌட் இரண்டுமே மீன் வகைகள், அதுதான் வானகட்டின் விளையாட்டு. 1950களின் கடைசியில் இருவரும் மசாசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் வசித்தார்கள், பழக்கமும் இருந்தது. திறமைக்கேற்ற வருமானமோ மதிப்போ கிடைக்காமல் ஸ்டர்ஜன் திண்டாடியதை வானகட் பக்கத்திலிருந்து பார்த்தார். ஸ்டர்ஜன் உயிரோடு இருந்தவரை இந்தத் தொடர்பை அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. 1985ல் ஸ்டர்ஜன் இறந்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' இரங்கல் குறிப்பு அதைச் சொன்னது. 1987ல் ஒரு பேட்டியில், அந்தக் குறிப்பைப் பார்த்து மகிழ்ந்ததாக வானகட் ஒத்துக்கொண்டார்.

ஸ்டர்ஜன் என்பதைப் புனைபெயர் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அது சட்டப்படியான பெயர். எட்வர்ட் ஹாமில்டன் வால்டோ என்று பிறந்தவர், தாயின் மறுமணத்துக்குப் பிறகு சிறுவயதிலேயே தியோடர் ஸ்டர்ஜன் ஆனார்.

இதைவிட ஆச்சரியம், இல்லாத எழுத்தாளரின் புத்தகத்தை எழுதிக்கொடுத்த அனுபவம் ஸ்டர்ஜனுக்கே உண்டு. 1956ல் நியூயார்க் வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஜீன் ஷெப்பர்ட், நேயர்களிடம் ஒரு வேலை சொன்னார்: 'ஐ, லிபர்டீன்' என்ற புத்தகத்தைக் கடை கடையாகப் போய்க் கேளுங்கள், எழுதியவர் ஃபிரெடெரிக் ஆர். யூயிங். அப்படி ஒரு புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. கடைகளில் கேட்கப்படும் புத்தகங்களை வைத்தும் விற்பனைப் பட்டியல்கள் தயாராகின்றன என்பதை அம்பலப்படுத்துவதுதான் நோக்கம். கேட்பவர்கள் பெருகினார்கள், பத்திரிகைகளில் செய்தி வந்தது. கடைசியில் பதிப்பாளர் இயன் பாலன்டைன் நிஜமாகவே ஒரு நாவலைப் போட முடிவெடுத்தார். எழுதும் பொறுப்பு ஸ்டர்ஜனுக்கு வந்தது. அவர் ஒரே மூச்சில் எழுதிக் களைத்துத் தூங்கிப்போக, கடைசி அத்தியாயத்தைப் பதிப்பாளரின் மனைவி பெட்டி பாலன்டைன் முடித்தார். அந்த செப்டம்பரிலேயே புத்தகம் கடைக்கு வந்தது, பின்னட்டையில் யூயிங்காக ஷெப்பர்டின் படத்தோடு. அந்த விளையாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் யூயிங் என்ற பெயரில் யாருக்கும் பாத்தியதை கிடையாது. ட்ரௌட்டின் நிலை வேறு.

ஃபார்மர் ஏன் கேட்டார்

ஃபார்மரும் 1918ல் பிறந்தவர், ஸ்டர்ஜனுக்கு ஒரு மாதம் மூத்தவர். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரவாசி. இரும்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1952ல் வெளியான 'தி லவ்வர்ஸ்' கதைக்காக, 1953ல் முதன்முதலாக வழங்கப்பட்ட, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுகளில் புதுமுக எழுத்தாளருக்கான விருது பெற்றார். அடுத்ததாக ஒரு பெரிய நாவல் போட்டியில் ஜெயித்தார். பரிசு 4,000 டாலர். அந்தப் பணம் அவர் கைக்கு வரவேயில்லை, நாவலும் அப்போது வெளியாகவில்லை. தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிக்கொடுத்துப் பல வருடம் குடும்பத்தை ஓட்டினார். 1968, 69ல் அவர் எழுதிய சில நாவல்களைப் போட்டது பாலியல் புத்தகங்கள் வெளியிடும் பதிப்பகம்.

இப்படிப்பட்டவர் வானகட்டின் நாவலில் ட்ரௌட்டைப் படித்தால் எப்படி இருந்திருக்கும்? தன்னைப் பற்றியே எழுதியிருப்பது போல இருந்தது என்பதை ஃபார்மர் மறைக்கவில்லை. அந்தப் பிரியத்தில் முதலில் அவர் எழுதியது நாவல் இல்லை, ட்ரௌட்டின் வாழ்க்கை வரலாறு. வானகட் அங்கங்கே சொல்லிவைத்த முரண்பட்ட விவரங்களையெல்லாம் சேர்த்து, உண்மையான ஒரு மனிதரைப் பற்றி ஆராய்ச்சியாளர் எழுதுவது போல ஒரு கட்டுரை. இதில் அவருக்குத் தனித் தேர்ச்சி இருந்தது. 1972ல் 'டார்ஜான் அலைவ்' என்று டார்ஜானுக்கே வாழ்க்கை வரலாறு எழுதினார். 1795 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் வோல்ட் நியூட்டன் கிராமத்தில் விண்கல் விழுந்தது நிஜம். அந்தப் பக்கமாகக் கோச்சு வண்டியில் போனவர்கள் அதன் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், டார்ஜான், ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லோரும் அவர்களின் சந்ததி என்று சேர்த்தது ஃபார்மரின் கற்பனை.

1970களின் தொடக்கத்தில் அவருக்கு எழுத்து ஓடவில்லை. அந்த முடக்கத்தில்தான் ட்ரௌட் பெயரில் எழுதலாம் என்று தோன்றி வானகட்டை அணுகினார். வானகட் முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார். தயங்கியவரைச் சம்மதிக்க வைத்தது என்ன என்று யோசித்தால், ஃபார்மரின் வாழ்க்கைதான் என்று நினைக்கிறேன். ட்ரௌட்டாக இருக்கத் தகுதி இருந்தது அவருக்குத்தான்.

ஒரு பத்தியிலிருந்து ஒரு நாவல்

வானகட் தந்த விதை மிகச் சின்னது. ரோஸ்வாட்டர் நாவலில் ஃபிரெட் ரோஸ்வாட்டர் கடையில் ஒரு மலிவுப் பதிப்பைப் புரட்டுகிறார். அதுதான் 'வீனஸ் ஆன் தி ஹாஃப்-ஷெல்'. பின்னட்டையில் தாடி வைத்த ட்ரௌட்டின் படம். கூடவே வாசகரை இழுக்க ஒரு 'சூடான' காட்சி. ஷால்டூன் கிரகத்து ராணி மார்கரெட் ஆடையை நழுவவிட்டு, விண்வெளி நாடோடியைப் பார்த்து, உன் பயணம் முடிந்தது, நீ தேடும் விடை என் கைகளுக்குள் இருக்கிறது என்கிறாள். அவன் அதை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறான். ஆனால் நாளைக்குக் கிளம்பியாக வேண்டும் என்கிறான். இது ரொம்ப நல்ல விடைதான், நான் தேடிக்கொண்டிருக்கும் விடை மட்டும் இல்லை.

அவ்வளவுதான். அவன் யார், எதைத் தேடுகிறான், எங்கிருந்து வந்தான் என்று எதுவும் கிடையாது. வானகட் அதை மலிவுப் புத்தகங்களைப் பற்றிய ஒரு நகைச்சுவையாக எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ஃபார்மர் அதற்குள் ஒரு முழுக் கதையின் எலும்புக்கூட்டைப் பார்த்தார். இதுதான் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம். நல்ல விடை கிடைத்தும் தன் கேள்விக்குரிய விடை இல்லையென்று நடையைக் கட்டுகிறவன் என்றால், அந்தக் கேள்வி பெரியதாக இருக்க வேண்டும். அதைக் கொண்டு கதையைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் கட்டினார். நாடோடிக்குப் பெயர் சைமன் வாக்ஸ்டாஃப். மாசுபட்ட கிரகங்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஓர் இனம் பூமியை மழையால் மூழ்கடித்துவிடுகிறது. ஒரு நாய், ஓர் ஆந்தை, கையில் மின்சார பாஞ்சோ, இவற்றோடு ஒரு சீன விண்கலத்தில் தப்பிக்கிறான். கஷ்டப்பட்டுச் சாவதற்குத்தான் என்றால் நம்மை ஏன் படைத்தார்கள் என்ற கேள்வியோடு கிரகம் கிரகமாக அலைகிறான். கடைசியில் கிடைக்கும் பதில், 'ஏன் கூடாது?' என்பதுதான்.

வானகட் எழுதிய அந்தக் காட்சி நாவலுக்குள் அப்படியே வருகிறது. அதைச் சுற்றி ஃபார்மர் கட்டிய ஷால்டூன் அவரது தனிச் சொத்து. அந்தக் கிரகத்தில் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் முன்னோர்கள் இருக்கிறார்கள். முறைவைத்து நாளுக்கு ஒருவர் வந்து அந்த உடம்பில் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். இன்னொருவர் உருவாக்கிய எழுத்தாளருக்குள் புகுந்து எழுதிக்கொண்டிருந்தவர் இந்த யோசனைக்கு வந்து சேர்ந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர்களிலும் விளையாட்டு உண்டு. சைமனோடு சேர்ந்துகொள்ளும் இயந்திரப் பெண்ணின் பெயர் ச்வொர்க்டாப். ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் பேட்ச்வொர்க், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் வேலை. நாவலின் தயாரிப்பு முறையே அதுதான்.

இன்னும் ஒரு படி உள்ளே போகிறார். சைமனுக்குப் பிடித்த எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் சோமர்ஸ் மூன்றாமவர். இவரும் கற்பனை. எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915ல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' கவிதைகளில் வரும் ஒரு கவிஞரின் வாரிசாக இவரை ஃபார்மர் உண்டாக்கினார். ஆக, கற்பனை எழுத்தாளரின் நாவலுக்குள் இன்னொரு கற்பனை எழுத்தாளர். ஃபார்மர் அங்கேயும் நிற்கவில்லை. சோமர்ஸின் பெயரில் துப்பறியும் நாய் ரால்ஃப் வான் வாவ் வாவ் பற்றிய கதை ஒன்றை எழுதினார், 1975 மார்ச்சில் அதே பத்திரிகை வெளியிட்டது. பிறகு ஸ்பைடர் ராபின்சன் என்ற இன்னொரு எழுத்தாளர் அந்த நாயைத் தன் காலஹன் மதுக்கூடக் கதைகளுக்குக் கூட்டிப்போனார். இந்த உலகம் நன்றாக இயங்கும்போது இப்படித்தான் இயங்கும்.

எங்கே உடைந்தது

புத்தகம் வந்ததும் பலர் அதை வானகட்டே எழுதியது என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் மேல் தப்பே இல்லை. ட்ரௌட் யாருடையவர் என்று எல்லோருக்கும் தெரியும். தலைப்பும் வானகட்டுடையது, அதே பதிப்பகம் அவருடைய நாவல்களையும் மலிவுப் பதிப்பாக விற்றுக்கொண்டிருந்தது. ஃபார்மரின் பெயர் எங்கேயும் இல்லை. வானகட் வாசகர் வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும்?

ஃபார்மர் வானகட்டைப் போல எழுத முயலவில்லை. ட்ரௌட் எழுதினால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படி எழுதினார். அவசரமும் கொச்சையும் அபார யோசனைகளும் கலந்த ஒரு கிழவரின் நாவல். அந்த நோக்கத்தில் அவர் ஜெயித்தார் என்றே சொல்வேன். ஆனால் அதை வானகட் எழுத்து என்று நினைத்துப் படித்தவருக்கு, வானகட் தரம் இறங்கிவிட்டார் என்றுதான் தோன்றும். ட்ரௌட்டுக்குப் பொருத்தமாக இருப்பதற்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் வானகட்டின் கணக்கில் குறையாக ஏறியது.

வானகட்டுக்கு இது ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதைப் புரிந்துகொள்ள அவர் நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். 'அறிவியல் புனைகதை' என்று பெயர் ஒட்டிய இழுப்பறைக்குள் தன்னை அடைத்துவிட்டார்கள், வெளியே வர விரும்புகிறேன் என்று அவர் 1965லேயே எழுதியவர். 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' அவரை வெளியே கொண்டுவந்தது. வந்து ஐந்தாறு வருடத்தில், அதே இழுப்பறையின் அடித்தட்டைச் சேர்ந்த மாதிரி ஒரு புத்தகம் அவர் தலையில் கட்டப்படுகிறது. எழுதியவர் யார் என்ற ரகசியம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஆனாலும் குழப்பத்தால் வந்த எரிச்சல் வானகட்டுக்குப் போகவில்லை. பின்னாளில் இந்த அனுமதியைப் பற்றி வருத்தத்தோடுதான் பேசினார்.

ஃபார்மர் அடுத்து 'தி சன் ஆஃப் ஜிம்மி வேலன்டைன்' என்ற இன்னொரு ட்ரௌட் தலைப்பை எழுதத் திட்டமிட்டிருந்தார். வானகட் தடுத்துவிட்டார். ட்ரௌட்டின் நாவல் வரிசை ஒன்றோடு நின்றது.

மற்ற முகமூடிகள்

ஒப்பிட, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹார்லன் எல்லிசன் சரியான ஆள். தன் திரைக்கதையை யாராவது கெடுத்துவிட்டால் அவர் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வெய்னர் பேர்ட்' என்று போடச் சொல்லுவார். 1973ல் வந்த 'தி ஸ்டார்லாஸ்ட்' தொலைக்காட்சித் தொடரில் அப்படித்தான் நடந்தது. பெயரின் முதல் பாதி கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற எழுத்தாளருக்குச் செய்த மரியாதை. அந்த ஸ்மித்தும் பால் லைன்பார்கர் என்பவரின் புனைபெயர்தான். ஃபார்மர் அதே வருடம் டாக் சாவேஜ் என்ற சாகசக் கதை நாயகனைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பேர்ட் என்ற இந்த ஆளை வோல்ட் நியூட்டன் வம்சத்தில் சேர்த்தார். எல்லிசன் கோபப்படவில்லை. 1975ல் பேர்டைக் கதாநாயகனாக வைத்துத் தானே ஒரு கதை எழுதினார், வம்ச உறவுகளையும் ஏற்றுக்கொண்டார். 1977ல் பேர்ட் பெயரில் ஃபார்மர் ஒரு கதை எழுதினார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பேர்ட் என்ற பெயரை எல்லிசன் உண்டாக்கியதே 'இது நான் இல்லை' என்று சொல்லத்தான். அந்தப் பெயரில் மோசமான எழுத்து வந்தாலும் அவருக்குக் கெட்டபெயர் இல்லை. ட்ரௌட் விஷயத்தில் அந்தக் கதவு மூடியிருந்தது. ட்ரௌட் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு வரியும் அதுவரை வானகட் எழுதியது.

அனுமதி வாங்காமல் வந்த தொல்லையையும் ஃபார்மர் பார்த்தவர். 1974ல் டாக்டர் வாட்சன் எழுதியதாக, தான் பதிப்பித்ததாக, 'தி அட்வென்ச்சர் ஆஃப் தி பியர்லெஸ் பியர்' என்ற குறுநாவலை வெளியிட்டார். அதில் ஷெர்லாக் ஹோம்ஸ் டார்ஜானைச் சந்திப்பார். டார்ஜானின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். 1984ல் டார்ஜானை எடுத்துவிட்டு 'ஜங்கிள் புக்' சிறுவன் மௌக்லியை வைத்து மாற்றி எழுதி வெளியிட்டார். அங்கே பிரச்சினை உரிமை மட்டும்தான். பாத்திரத்தை மாற்றியதும் தீர்ந்தது. அந்தக் கதையை வாட்சன்தான் எழுதினார் என்று நம்பி ஏமாந்த வாசகர் யாரும் இல்லை.

யார் மேல் தப்பு

இருவர் மேலும் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஃபார்மர் கேட்டார், வானகட் கொடுத்தார். பேசாமல் விட்டது அட்டையைப் பற்றி மட்டும். ஃபார்மர் எழுதியது என்பதை எப்போது சொல்வது, யார் சொல்வது, விமர்சகர் தவறாக நினைத்தால் யார் திருத்துவது என்று ஒரு கடிதத்தில் தீர்த்திருக்கலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டின் ருசி கொஞ்சம் குறைந்திருக்கும், இன்னும் இரண்டு ட்ரௌட் நாவல்கள் நமக்குக் கிடைத்திருக்கும்.

வானகட் 'பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' முடிவில், கதைக்குள் தானே நேரில் வந்து ட்ரௌட்டிடம் உனக்கு விடுதலை என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்ன அடுத்த வருடமே விடுதலையான ட்ரௌட் இன்னொருவர் வழியாகப் புத்தகம் எழுதிவிட்டார். 1979ல் 'ஜெயில்பேர்ட்' நாவலை, ட்ரௌட் திரும்பி வந்துவிட்டார், வெளியே அவரால் சமாளிக்க முடியவில்லை என்ற அறிவிப்போடு வானகட் தொடங்கினார். கூடவே ஒரு மாற்றம்: அந்த நாவலில் ட்ரௌட் தனி மனிதர் இல்லை, ராபர்ட் ஃபெண்டர் என்ற சிறைக்கைதியின் புனைபெயர். ஃபார்மர் விவகாரத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பெயரின் உரிமையாளர் நான்தான், இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் நானே முடிவு செய்வேன் என்று அவர் சொல்வதாகவே நான் வாசிக்கிறேன்.

நாவல் பிற்காலத்தில் ஃபார்மரின் பெயரிலேயே மறுபதிப்பு கண்டது, இப்போது அப்படித்தான் கிடைக்கிறது. படிக்க நினைப்பவர்கள் ரோஸ்வாட்டர் நாவலில் ஃபிரெட் புத்தகத்தைப் புரட்டும் அந்த இடத்தை முதலில் படித்துவிடுங்கள். பிறகு ஃபார்மரின் ஷால்டூனுக்குப் போனால், வானகட்டின் வரிகள் எங்கே முடிந்து ஃபார்மரின் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.